மீன்தொட்டியைக் கழுவக் கழுவ ஏன் பாசி பிடிக்கிறது?

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. நாலு வீடு தள்ளி ஒரு மாடி வீட்டில், மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு இரண்டடி மீன்தொட்டி இருந்தது. மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அந்த வீட்டுத் தங்கச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஞாயித்துக்கிழமைதான் அண்ணே முழுசா இறக்கிக் கழுவுனேன். கல்லெல்லாம் தேய்ச்சு மொட்டமாடி வெயில்ல காயப் போட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பாருங்க எப்பிடி நிக்கிதுன்னு." தண்ணீர் கொத்தமல்லி அரைத்துக் கரைத்தது போல இருந்தது. உள்ளே ஆறு கோல்டு ஃபிஷ் இருப்பதாகச் சொன்னார். என் கண்ணுக்கு இரண்டுதான் பட்டன, அதுவும் கண்ணாடியை ஒட்டி நீந்தி வந்தபோது.

வாரம் தவறாமல் இரண்டு மணி நேரம் செலவழித்துக் கழுவுகிற வீடு அது. மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் சில தொட்டிகள் பளிங்கு போல இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த முரண்பாடு புரிந்துவிட்டால் பாசி விஷயத்தில் பாதி புரிந்தது போலத்தான்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கலங்கல் எல்லாம் ஒரே கலங்கல் கிடையாது. ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். அப்புறம் அசைக்காமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மண், அல்லது சரியாகக் கழுவாத கல்லின் தூள். பால் கலந்தது போல வெள்ளையாகவே நின்றால் பாக்டீரியா பெருகியிருக்கிறது. புதுத் தொட்டியில் முதல் இரண்டு வாரத்தில் வருவது பெரும்பாலும் இதுதான், தானாக அடங்கும். தேநீர் நிறத்தில், ஆனால் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் உள்ளே போட்ட மரக்கட்டையோ நாட்டுவாதுமை இலையோ சாயம் விடுகிறது. மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை. காலையிலும் பச்சை அப்படியே நின்றால் அதுதான் பாசி. கண்ணுக்குத் தனியாகத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் தண்ணீரில் மிதக்கின்றன. அவ்வளவு சின்னதாக இருப்பதால் ஃபில்டர் பஞ்சில் மாட்டாமல் நழுவிப் போய்விடும். தங்கச்சி வீட்டு டம்ளர் மறுநாள் காலையிலும் பச்சையாகவே இருந்தது.

பாசியின் வித்து வராமல் தடுக்க யாராலும் முடியாது. காற்றில் வரும், கடையில் மீன் கட்டித் தரும் கவர்த் தண்ணீரில் வரும், செடியில் ஒட்டிக்கொண்டு வரும், ஈர வலையில் வரும். வந்தது வளர இரண்டு வேண்டும்: வெளிச்சம், சத்து. ஊருணியில் தண்ணீர் எடுத்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். குடத்தால் பாசியை ஒதுக்கினால் ஒதுங்கும். குடத்தைத் தூக்கியதும் மறுபடி வந்து மூடிக்கொள்ளும். தேய்ப்பதும் கழுவுவதும் அந்தக் குடத்தின் வேலைதான். சத்து எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதவரை இது ஓயாது.

சத்து வருவது பெரும்பாலும் நம் கையிலிருந்து. கடையில் வாங்கும் மீன் தீவனத்தில் புரதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் பலவும் அதை ஒட்டித்தான் போட்டிருக்கும். புரதத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு நைட்ரஜன். அதாவது ஒரு கிராம் தீவனத்தில், சுமாராக அரை டீஸ்பூனில், 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மீன் உடம்பில் சேர்த்துக்கொண்டாலும் 40 மில்லிகிராமுக்கு மேல் செவுள் வழியாகவும் கழிவாகவும் தண்ணீருக்கே திரும்பிவிடும். இரண்டடித் தொட்டியில் கல், காற்று இடைவெளி போக ஐம்பது லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்த நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட் என்ற உப்பாக மாறினால், ஆக்சிஜனும் சேர்ந்து எடை நான்கு மடங்குக்கு மேல் கூடுவதால், ஒரு நாளைக்கு லிட்டருக்கு மூன்றரை மில்லிகிராம், ஒரு வாரத்தில் 25 மில்லிகிராம் சேரும். தினம் ஒரே ஒரு கிராம் தீவனம் போட்டால் இந்தக் கணக்கு. அந்த வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, தாத்தா சாயங்காலம் ஒரு தடவை. இருவரும் பாசத்தோடுதான் போட்டார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று மற்றவருக்குத் தெரியாது.

திருப்பரங்குன்றம் கோயில் லட்சுமி தீர்த்தத்தில் மீனுக்குப் பொரி வாங்கிப் போட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பசிக்கிறது என்று நினைக்கிற பழக்கம் அங்கிருந்தே வந்துவிட்டது. பொரி பெரும்பாலும் மாவுச்சத்து. மீன் தின்னாமல் விட்டது ஊறி அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியா எடுத்துக்கொள்ளும். வீட்டுத் தொட்டியில் பொரி, ரொட்டித் துண்டு, சோறு எதுவுமே வேண்டாம் என்பேன். மீன் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் நல்ல உடம்போடு இருக்கிற மீனுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, சத்துதான் பிரச்சினை என்றால் வாரா வாரம் முழுத் தண்ணீரையும் மாற்றுகிற வீட்டில் சத்தே இருக்கக்கூடாதே? இங்கேதான் பலரும் சறுக்குகிறோம்.

மீன் வெளியிடுவது முதலில் அம்மோனியா. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். இந்த வேலையைச் செய்வது பாக்டீரியாதான் என்று 1890-ஐ ஒட்டி நிறுவியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி. அவர் ஆராய்ந்தது மண்ணை, ஆனால் மீன்தொட்டியில் நடப்பதும் அதேதான். இந்த பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகும். நமக்குத் தெரிந்த சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகும்; இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அதனால்தான் புதுத் தொட்டி நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. அதோடு, இவை தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். ஃபில்டர் ஸ்பான்ஜின் துளைகளிலும், கல்லின் மேலும், கண்ணாடியில் வழவழவென்று கைக்குத் தட்டுப்படுகிற அந்த மெல்லிய படலத்திலும்தான் குடியிருக்கின்றன.

இப்போது தங்கச்சி செய்ததை நினைத்துப் பாருங்கள். ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்தார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. கல்லைத் தேய்த்து மதுரை மே மாத வெயிலில் காயப்போட்டார். மறுநாள் மீன் வழக்கம் போல அம்மோனியா விட்டது. அதை மாற்ற ஆள் இல்லை. ஆனால் பாசிக்கு அம்மோனியா என்றால் கரும்பு. நைட்ரேட்டைவிட எளிதாக எடுத்துக்கொள்ளும். மேற்கு ஜன்னலில் வெயிலும் இருக்கிறது. ஐந்து நாளில் பச்சை. மறு ஞாயிறு மறுபடி கழுவல். அந்தத் தொட்டிக்கு ஒரு வயது என்று அவர்கள் சொன்னார்கள். பாக்டீரியா கணக்கில் அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் வயது ஆனதே இல்லை.

இதில் எனக்கே அடிபட்ட அனுபவம் உண்டு. மீன் வளர்க்கத் தொடங்கிய வருடம் நானும் இப்படித்தான் முழுசாகக் கழுவினேன். இரண்டாம் நாள் தண்ணீர் பால் போல ஆனது. மூன்றாம் நாள் விடிகாலையில் நான்கு மீனும் பக்கவாட்டில் கிடந்தன. தண்ணீர் சரியில்லை என்று குழாயைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கையால்தான் செத்தன என்று புரிய வெகுநாள் ஆனது. அந்த வருத்தத்தில்தான் யார் வீட்டுத் தொட்டியைப் பார்த்தாலும் இதைச் சொல்கிறேன்.

பச்சைத் தண்ணீரே மீனைக் கொல்லும் என்பது சரியில்லை. பாசி அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்வதால் அந்த வீட்டு மீன்கள் உயிரோடு இருந்ததற்கே பாசிதான் காரணமாக இருக்கலாம். மீன் குஞ்சு பொரிக்கிற பண்ணைகளில் குஞ்சுகளுக்கு இரையாகும் டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சியை வளர்க்கவே பச்சைத் தண்ணீர் தயார் செய்வார்கள். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. பகலில் ஆக்சிஜன் விடுகிற பாசி ராத்திரியில் அதையே எடுத்துக்கொள்ளும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது பசி கிடையாது, மூச்சுத் திணறல். அப்போது தீவனம் போடுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. பகலில் இன்னொன்று நடக்கும். பாசி கார்பன் டைஆக்சைடை இழுக்க இழுக்கத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில காரத் தன்மையைக் காட்டும் அளவு, ஏறும். ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் அம்மோனியாவில் விஷமான வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிவிடும்.

மதுரைத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று வைகை அணையிலிருந்து வந்து பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து விடும் மாநகராட்சித் தண்ணீர். உப்பு குறைவு, மீனுக்கு நல்லது. ஆனால் குளோரின் போகணும். வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் போகும். அவசரத்துக்கு மீன் கடையில் 'ஆன்ட்டி குளோரின்' என்று கேட்டால் தருவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். மற்றது போர் தண்ணீர். பல பகுதிகளில் நல்ல கடினத் தன்மை. கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு படியும். அதைப் பாசி என்று நினைத்து மருந்து விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சுண்ணாம்பு உப்பு. தண்ணீரை இறக்கிவிட்டு எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் வந்துவிடும். செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் போர் போட்டிருந்தால் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தண்ணீரால் எத்தனை தடவை மாற்றினாலும் பாசிக்கு விருந்துதான். பரிசோதனை அட்டை வாங்கினால் தொட்டித் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள். கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் மட்டும் ஊற்றுவதும் சரிப்படாது. தாது உப்பே இல்லாத தண்ணீரில் கப்பி, மோலி மாதிரி மீன்கள் வாடிப்போகும்.

கோடையில் தொட்டி மட்டம் மளமளவென்று இறங்கும். குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டு, தண்ணீர் மாற்றிவிட்டதாக நினைக்கக்கூடாது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கிக் கெட்டிப்படும். மாற்றுவது என்றால் வாரம் ஒரு முறை கால்வாசி, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கை ட்யூப் வைத்து அடிக்கல்லிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு புதிதாக ஊற்றுவது. எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பான்ஜை இரண்டு தடவை பிழிந்தால் போதும். பிழிந்த பிறகும் அது பழுப்பாகத்தான் இருக்கும். அந்தப் பழுப்பில்தான் பாக்டீரியா இருக்கிறது.

வெயிலும் ஒரு கணக்கு. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஏப்ரல், மே மாதத்தில் வெளியே 40-ஐத் தொடும்போது மாடி வீட்டுத் தொட்டி 32 வரை போகும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். அதற்கு இது அதிகமான சூடு. நம் ஊர் வெயிலில் ஈரப்பதம் குறைவு என்பதால், தண்ணீர் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன விசிறி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். திடீரென்று இறங்குகிற வெப்பம் சூட்டைவிட மோசம். மாதாந்திர மின்தடை அன்று காலையிலேயே பேட்டரி ஏர் பம்பு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. மீனுக்கு மட்டுமில்லை, ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

ஒட்டிக்கொள்ளும் பாசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுத் தொட்டியில் பழுப்பு மாவு போலப் படிவது டயாட்டம். துடைத்தால் போகும், சில வாரத்தில் தானே குறையும். கண்ணாடியில் பச்சைப் புள்ளியாகக் கெட்டியாக ஒட்டுவது வெளிச்சம் அதிகம் என்று சொல்கிறது; பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் சுரண்டலாம். கறுப்புத் தாடி போல இலை விளிம்பில் முளைப்பது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. அந்த இலையை வெட்டி எறிவதே எளிது. நீலப்பச்சையாக ஆடை போலப் படர்ந்து, உரித்தால் முழுசாக வந்து, சேற்று வாடை அடிப்பது பாசியே கிடையாது. அது சயனோபாக்டீரியா. ட்யூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில் ஓட்டம் கொடுக்க வேண்டும். அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கடையில் பாசி என்று சொன்னதும் 'டேங்க் கிளீனர்' மீனைக் கையில் கொடுப்பார்கள். சக்கர் மீன் என்றும் சொல்வார்கள். இரண்டு அங்குலத்தில் அழகாகத்தான் இருக்கும். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. தண்ணீரில் மிதக்கும் பச்சையை அது தொடவே தொடாது. வளர வளரப் பாசியை விட்டுவிட்டுத் தீவனத்துக்கு வரும். அது போடுகிற கழிவைப் பார்த்தால் அதை வாங்கியதே தப்பு என்று தோன்றும். தொட்டிக்கு அடங்காமல் போனதும் பாவம் என்று கண்மாயிலோ வைகையிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றில் அது ஏற்கெனவே பரவியிருக்கிறது. முள்ளும் கெட்டித் தோலும் இருப்பதால் அதைத் தின்ன வேறு மீன் அதிகம் இல்லை. நம் கெண்டையின் இரையை எடுத்துக்கொள்ளும், மீன்பிடிப்பவர் வலையைக் கிழிக்கும், விற்கவும் முடியாது. வேண்டாம் என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கண்ணாடிப் பாசிக்கு நத்தை போதும். நெரைட் நத்தை கிடைத்தால் நல்லது, நன்னீரில் அது பெருகாது.

இந்த நத்தை யோசனை பழையது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850-இல் தண்ணீர் மாற்றாமலே இரண்டு பொன்மீன்களை வாலிஸ்நேரியா செடியோடு வளர்த்துக் காட்டினார். செடியின் அழுகிய இலையால் தண்ணீர் கலங்கிப் பாசி பிடித்தது. குளத்து நத்தைகளை விட்டதும் தெளிந்தது. இன்றைய வீட்டு மீன்தொட்டியின் தொடக்கத்திலேயே பாசிச் சிக்கல் இருந்திருக்கிறது.

மருந்துகள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் அதிகம். பாசியைக் கொல்லும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும்; நத்தையும் இறாலும் முதலில் சாகும். செத்த பாசி அழுகிச் சத்தாகத் தண்ணீருக்கே திரும்பும். மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கான மருந்து. பாசிக்கு விட்டால் ஃபில்டர் பாக்டீரியாவுக்குத்தான் அடி. தேத்தாங்கொட்டையை உரசிக் கிணற்றுத் தண்ணீரைத் தெளிய வைத்த நம் பாட்டிமார்களின் அறிவு உண்மையானது. அது மண் துகளைச் சேர்த்துப் படிய வைக்கும். தொட்டியில் கரைந்திருக்கும் அம்மோனியாவையோ நைட்ரேட்டையோ அது எடுக்காது. படிகாரமும் அப்படித்தான், கூடவே பி.எச்.-ஐயும் இறக்கும். மிதக்கும் பச்சைக்கு மட்டும் யூ.வி. விளக்கு பொருத்திய ஃபில்டர் நிஜமாகவே வேலை செய்யும். தண்ணீர் விளக்கைக் கடந்து போகும்போது பாசி அழியும், சில நாளில் தெளியும். ஆனால் தீவனம் குறையாவிட்டால் அதே சத்து கண்ணாடியில் வேறு பாசியாக முளைக்கும்.

மருந்துக்கு முன்னால் செடியை நம்புகிறேன். பள்ளிக்கூடத்தில் புனலுக்குள் வைத்துக் குமிழி காட்டினார்களே, அந்த ஹைட்ரில்லா நம் கண்மாய்களில் கிடக்கிறது. கொண்டுவந்தால் நன்றாக அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பூச்சி, அட்டை பார்த்துவிட்டுப் போடுங்கள். அதைவிட எளிது மணி பிளாண்ட். இலை வெளியேயும் வேர் மட்டும் தண்ணீருக்குள்ளும் இருக்கும்படி தொங்கவிட்டால் நைட்ரேட்டை அப்படி இழுக்கும். வைகையில் ஆகாயத்தாமரை ஏன் அவ்வளவு கொழுத்து நிற்கிறது? சாக்கடை கொண்டுவந்து சேர்க்கும் சத்துதான். இயந்திரம் வைத்து அள்ளினாலும் மறுபடி மூடுவதற்குக் காரணமும் அதுவே. ஆற்றில் நமக்கு வேதனை தருகிற அதே பசியைத் தொட்டியில் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

தங்கச்சி வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஐம்பது லிட்டர் போதவே போதாது. ஒவ்வொன்றும் அரை அடிக்கு மேல் வளரும். நான்கை, சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு அழுகை வந்தது. வாரம் ஒரு தடவை போய்ப் பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். தொட்டியை ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றினோம். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு நிரப்பி, விளக்கை அணைத்து, தடித்த போர்வையால் நான்கு பக்கமும் மூடி நான்கு நாள் வைத்தோம். ஏர் பம்பு மட்டும் நிற்காமல் ஓடியது, தீவனம் இல்லை. ஐந்தாம் நாள் போர்வையை எடுத்தபோது தண்ணீர் வெளிர்ந்து, மோர் கலந்தது போல இருந்தது. செத்த பாசி. மறுபடி மூன்றில் ஒரு பங்கு மாற்றினோம். எல்.இ.டி. விளக்குக்கு டைமர் போட்டு ஆறு மணி நேரத்தோடு நிறுத்தினோம். ஒரு மணி பிளாண்ட் கொடியை மூலையில் தொங்கவிட்டோம். தீவனப் பாக்கெட்டை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கான தீவனத்தை மட்டும் மாத்திரை டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து வைத்தார் தங்கச்சி. அன்றைய அறை காலியாக இருந்தால் தாத்தாவுக்குத் தெரிந்துவிடும், மீன் சாப்பிட்டாயிற்று என்று.

மூன்றாவது வாரம் தொட்டியின் பின்கண்ணாடி வழியாகச் சுவரின் வெடிப்புகூடத் தெரிந்தது. நடுவில் கொஞ்சம் பழுப்புப் படிந்தது. முன்கண்ணாடியில் மட்டும் துடைத்தார்கள், பின்னால் இருப்பதை மீன் கொறிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை பதினைந்து நிமிடம். வாளியில் எடுக்கிற பதினைந்து லிட்டர் தண்ணீர் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்தது. அதைத் தங்கச்சி மொட்டைமாடியில் இருக்கும் மல்லிகைத் தொட்டிகளுக்கு ஊற்றுகிறார்.